ஷோபனாவின் சிஸ்டம் கால்

எங்கள் தீவுக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் ஷோபனா, தினமும் அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டில் ஃபெரி ஏறி, சாத்தமில் இறங்கி, பஸ் பிடித்து வேலைக்கு வருபவள். பதினொரு வருடமாக ஒப்பந்த வேலை. நான் ஸ்டோர் கீப்பர் பக்தவத்சலம். எனக்கு யாரையும் லேசில் பிடிக்காது, அவளைப் பிடிக்கும். ஸ்டோரிலிருந்து எடுத்துப்போன சாமானைத் திருப்பிக் கொடுக்கும் ஒரே ஆள் அவள்தான்.

எம்.சி.ஏ. பட்டம் இல்லாவிட்டால் ஜூனுக்குப் பிறகு வேலை கிடையாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். தபால் வழியில் படித்து எல்லாத் தாளையும் பாஸ் செய்துவிட்டாள். புராஜெக்ட் ஒன்றுதான் பாக்கி. அதில் ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். இது கடைசி வாய்ப்பு.

புராஜெக்டை எனக்கும் புரியும்படி சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று இருந்து எல்லாவற்றையும் நடத்துகிறதாம். எந்தப் புரோகிராமும் அதனிடம் கேட்டுத்தான் காரியம் செய்ய முடியும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். இவள் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். இந்த ஃபைலை நான் படிக்கலாமா, எழுதலாமா என்று கேட்டால், திறந்து பார்க்காமலேயே கெர்னல் 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்ல வேண்டும். மூன்று மாதம் சோறு தண்ணி பார்க்காமல் எழுதினாள்.

தேர்வு நாளன்று, மெயின்லாண்டிலிருந்து வரும் தேர்வாளர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்கே ஷோபனா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஸ்டாக் லிஸ்ட் பாக்க இந்த மெஷின்ல உங்களுக்கு ஒரு அக்கவுண்ட் இருக்குல்ல? அதுல வந்து என் ரிப்போர்ட்டைப் படிக்கலாமான்னு கேளுங்க. எனக்கு மட்டும்தான் அனுமதி வச்சிருக்கேன்."

கேட்டேன். 'ஆம்' என்றது. திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை.

"அரே பாப்ரே!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

லேபில் எல்லா மெஷினுக்கும் தலைமை அக்கவுண்ட் அவளிடம்தான். மூன்று மாதமும் அதிலிருந்தே சோதித்திருக்கிறாள். அந்த அக்கவுண்டை எந்த ஃபைலும் தடுக்காது. 'இல்லை' என்ற பதிலை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"இது கூடவா தோணலை உனக்கு?" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

அவள் வரி வரியாகத் தேடி, பத்து மணிக்குத் தவறைப் பிடித்தாள். அவள் எழுதியது, ஃபைலின் சொந்தக்காரருக்கு என்ன அனுமதி என்று மட்டும் பார்த்திருக்கிறது, கேட்பவர் யார் என்று பார்க்கவே இல்லை. சில வரிகள் சேர்த்தாள். கெர்னலை மறுபடி உருவாக்க ஒரு மணி நேரம் ஆகும். கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் வேண்டாத சாமி இல்லை.

மெஷின் திரும்ப எழுந்தபோது தேர்வாளர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

"சார், இவருக்கு என் ரிப்போர்ட்டைப் படிக்க அனுமதி இல்லை. இவரே கேக்கட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

கேள்வியை அடித்தேன். 'இல்லை' என்று வந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

தேர்வாளர் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஃபைல்களைச் சோதித்தார், எங்கெங்கோ குடைந்து கேள்வி கேட்டார். கடைசியில், "பாஸ்தாம்மா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஷோபனா எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணே, இன்னொரு வாட்டி கேளுங்க."

கேட்டேன். 'இல்லை' என்றது.

"இன்னும் ஒரு வாட்டி."

ஏழு தடவை கேட்டேன். ஏழு தடவையும் கெர்னல் என்னை வெளியே நிறுத்தியது. அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.