அவர் ஓட்டினால் நான் தூங்குவேன்

செய்தி வந்தபோது குத்தாலம் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் எங்கள் லாரி காலியாக நின்றுகொண்டிருந்தது. நெல் ஏற்ற எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள். ஸ்டீயரிங்கில் என் மகள் மலர், பக்கத்து சீட்டில் நான். காலை ஒன்பது மணி இருக்கும். போனில் சாகுல் பாயின் பெரிய மகள். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றாள். பாயின் மனைவி போனை வாங்கிக்கொண்டார். "சுபுஹு தொழுதுட்டு வந்தாங்க அண்ணே. டீ குடிச்சாங்க. எனக்குத் தூக்கம் வருது, கொஞ்சம் படுக்கிறேன்னு சொன்னாங்க. எழுப்பப் போனா உடம்பு சில்லுனு கெடக்கு."

எனக்குத் தூக்கம் வருது! பாயின் கடைசி வார்த்தை வேறு எதுவாக இருந்திருக்க முடியும்? இதைப் படிக்கிற டிரைவர்களில் பாதிப் பேராவது அவர் வாயால் அதைக் கேட்டிருப்பீர்கள். கேலியும் செய்திருப்பீர்கள். ஸ்டாண்டில் அவருக்குத் 'தூங்குமூஞ்சி பாய்' என்று பேர் வைத்தவர்களும் இருக்கிறீர்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தை அவருக்கு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நான்தான். இத்தனை வருடம் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டேன்.

சாகுல் பாய்க்கு ஊர் நாகப்பட்டினம், எனக்கு ஒரத்தநாடு. ஒரே முதலாளியிடம் ஒரே லாரியில் பதினோரு வருடம் ஜோடி டிரைவர்களாக இருந்தோம். இங்கிருந்து மகாராஷ்டிராவுக்குத் தேங்காய், திரும்பும்போது வெங்காயம். ஒருவர் ஓட்டினால் மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. முதல் இரண்டு டிரிப் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. முன்பின் தெரியாத ஆள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு எப்படிக் கண்ணை மூடுவது? மூன்றாவது டிரிப்பில் பாய் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "செல்வம், நீ படுத்துக்கிட்டே பிரேக் போடுறே. கட்டை தேஞ்சிடப் போவுதுப்பா." எனக்கு மானம் போய்விட்டது. உண்மையிலேயே என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

அவர் ஆறடி, நான் ஐந்தடி சொச்சம். வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்குவதற்கு முன் சீட்டை என் காலுக்குத் தகுந்தபடி முன்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். ஒரு நாள்கூட மறந்ததில்லை. நான் ஒரு நாள்கூட அவருக்காகப் பின்னால் தள்ளி வைத்ததில்லை. இதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

அந்த வார்த்தைக்குக் காரணம் நான்தான் என்றேனே, இப்போது அந்த விஷயம். வெங்காயம் ஏற்றிக்கொண்டு கர்நாடகத்துக்குள் வந்துகொண்டிருந்தோம். தயிர்சாதத்தை ஒரு கட்டு கட்டிவிட்டு நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பகல் மூன்று மணி, கொளுத்துகிற வெயில். பாய் பலகையிலிருந்து எட்டிப் பார்த்து, "தூக்கம் வருதா செல்வம்?" என்றார். "இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். பச்சைப் பொய். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல இருந்தது. ஆனாலும், டிரைவர் என்று பெயர் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் தூக்கம் வருது என்று சொல்ல வாய் வருமா? அவர் நம்பிப் படுத்துக்கொண்டார். நான் கண் விழித்தபோது வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் நின்றது. பத்தடி தள்ளி ஒரு புளியமரம். அதன் அடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணும் அவள் இடுப்பில் ஒரு குழந்தையும். அவள் கத்தக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாய் இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் கை கூப்பினார், குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. வண்டி நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தூங்கினதை விடு, எல்லாரும் மனுசன்தான். நான் கேட்டப்ப இல்லைன்னு சொன்னியே, அதைத்தான் என்னால தாங்க முடியல. உன்னை நம்பித்தானே படுத்தேன்?" என்றார். நான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, "தூக்கம் வருதுன்னு சொல்ல வெக்கப்படுறவன் வண்டியைத் தொடக்கூடாது. இனிமே ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிடுவோம்" என்றார். எனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். டீக்கடையில் சொன்னார், டோல்கேட்டில் சொன்னார். முதலாளி டீசல் கணக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணியபோது, "முதலாளி, எனக்குத் தூக்கம் வருது" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அது எனக்காகச் சொன்னது ஐயா.

அவர் எனக்கு முன்னாலேயே வேலையை விட்டார். முட்டி ஒத்துழைக்கவில்லை, சர்க்கரை வேறு. நானும் மகாராஷ்டிராவை விட்டுவிட்டு டெல்டாவுக்குள் நெல் லோடு ஓட்டினேன். அப்போதுதான் மலர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரியாமல் ஹெவி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். "அப்பா, நானும் லாரி ஓட்டப் போறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தத் தொழில் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சமா? அவள் படிக்கும்போது ரேங்க் கார்டில் என் கையெழுத்தையும் என் மனைவிதான் போடுவாள், நான் ஊரில் இருந்தால்தானே? ஒரு தடவை அதிசயமாக வீட்டில் இருந்து நானே போட்டு அனுப்பினேன். கையெழுத்து மாறியிருக்கிறது, அப்பாவிடமே வாங்கி வா என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

நான் சொன்னால் கேட்க மாட்டாள், பாய் சொன்னால் கேட்பாள் என்று நாகப்பட்டினத்துக்கு அழைத்துப் போனேன். பாய் முதலில் மீன் குழம்போடு சோறு போட்டார். பிறகு, "பாப்பா, மொதல்ல கெட்டதைச் சொல்லிடுறேன்" என்று ஆரம்பித்தார். "முதுகு போயிடும். எனக்கு முட்டியும் போச்சு, நேரத்துக்குச் சாப்பிடாம வயித்துல புண்ணு. பெருநாளு, பொங்கலு எதுக்கும் வீட்ல இருக்க முடியாது. லோடுக்கு ரெண்டு நாள் காத்துக் கெடப்பே. வழியில நிறுத்துறவன் எல்லாம் திருடன்கிட்ட பேசுற மாதிரிதான் பேசுவான். பொம்பளைப் புள்ளைக்கு ஒதுங்க எடம் இருக்காது. அதுக்கு என்ன பண்ணுவே?"

"துணிக்கடையில பன்னெண்டு மணி நேரம் நிக்கிறேன் மாமா. கால் வீங்கிப் போவுது. ஒதுங்கப் போனா சூப்பர்வைசர் வாட்சைப் பாக்குறாரு. பங்க்ல வண்டியை நிறுத்தினா யாரும் வாட்சைப் பாக்க மாட்டாங்கல்ல?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நல்லதையும் சொல்லணும்ல? தலைக்கு மேல நின்னு எவனும் மேய்க்க மாட்டான். ஒழுங்கா ஓட்டுறவனுக்கு எந்த ஊர்லயும் வேலை உண்டு. இந்த ஸ்டீயரிங்கைப் புடிச்சுத்தான் ஒருத்தியை நர்சாக்கினேன், ஒருத்தியை டீச்சராக்கினேன். சவூதியில ரெண்டு வருஷம் ஓட்டினேன். ரோடு என்னமோ வழுவழுன்னு இருந்துச்சு, ஆனா பேச்சுத்துணைக்கு ஆள் கெடையாது. இங்க உங்கப்பன் கெடைச்சான்."

"பாய், நான் எதுக்குக் கூட்டிட்டு வந்தேன், நீங்க என்ன பேசுறீங்க?" என்று எகிறினேன்.

"ரெண்டு பக்கமும் சொல்றதுதானே நியாயம்? அடுத்த லோடுக்கு நானும் வர்றேன். அவ ஓட்டட்டும்" என்றார்.

வந்தார். குறுவை அறுப்பு நேரம். குத்தாலத்தில் நெல்லை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் குடோனுக்குக் கிளம்பினோம். வழி நெடுக ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கல்லு வைத்திருப்பார்கள், நெல்லின் மேல் சக்கரம் ஏறினால் நம் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். போதாததற்கு ஆடு, மாடு, குறுக்கே பாய்கிற டூவீலர். நான் சீட்டு நுனியில் உட்கார்ந்து, "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டே வந்தேன். குத்தாலத்தைத் தாண்டியதும் பாய், "எனக்குத் தூக்கம் வருது" என்று பலகையில் ஏறிப் படுத்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை! தஞ்சாவூரில் வண்டி நின்ற பிறகுதான் எழுந்தார். "நல்லாத் தூங்கிட்டேன் செல்வம்" என்றார்.

அவரிடம் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே மலரிடம், "வயசாயிடுச்சு, சர்க்கரை உடம்பு, எங்க சாஞ்சாலும் தூங்குவாரு" என்றேன். அவள் முகம் வாடிப்போனது. என்ன மனுசன் நான்!

முதலாளி நல்லவர். "மூணு மாசம் உன்கூட ஓட்டட்டும். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, வண்டியை ஓட்ட அவகிட்டயே குடுத்திடுறேன்" என்றார். மலர் துணிக்கடையை விட்டுவிட்டு வந்தாள். மூன்று மாதம் ஐந்து மாதம் ஆனது. சம்பா அறுப்பும் வந்துவிட்டது. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. கியரில் குறை சொன்னேன், திருப்பத்தில் குறை சொன்னேன். அறுப்பு முடிவதற்குள் சொல்லாவிட்டால் வேறு டிரைவரைப் போடுவேன் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். ஒரு நாள் மலர் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நீங்க படுத்துக்கிட்டே பிரேக் போடுறீங்க." பாய் சொன்னது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அடுத்த திருப்பத்தில் மறுபடியும் குறைதான் சொன்னேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த போன் வந்தது. முதலாளியிடம் சொன்னேன். "வரிசை கெடக்கட்டும். லாரியிலயே போங்க, சாகுலுக்கு அதுதான் மரியாதை" என்றார். மலர்தான் ஓட்டினாள். பாயின் தெரு முனையில் ஏற்கெனவே ஏழெட்டு லாரிகள் நின்றன. மலர் உள்ளே போய் பாயின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பாயைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். நானும் தோள் கொடுத்தேன். நான் குட்டை என்பதால் என் பக்கம் தாழ்ந்தது. முன்னால் போனவர் சற்றுக் குனிந்துகொண்டார். மையவாடியில் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது மணி மூன்று. கீவளூரைத் தாண்டியிருப்போம். ரோடு முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. மலர் முன்னால் பார்த்தபடியே, "அப்பா, தூக்கம் வருதா?" என்றாள்.

"இல்லையே" என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பருத்திக் காட்டில் சொன்ன அதே பொய். விழுங்கினேன். "ஆமா பாப்பா. எனக்குத் தூக்கம் வருது."

"படுங்கப்பா" என்றாள்.

ஒரத்தநாட்டில் முதலாளி ஜன்னலைத் தட்டியபோதுதான் எழுந்தேன். கன்னத்தில் எச்சில் காய்ந்திருந்தது. "என்னப்பா, தூங்கிட்டா வர்றே?" என்றார், நம்ப முடியாமல். "ஆமாங்க முதலாளி, தூங்கிட்டேன். சாவியை அவகிட்டயே குடுத்திடுங்க" என்றேன். மலர் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நாளைக் காலை முதல் லோடுக்குத் தனியாகக் கிளம்புகிறாள்.

பாய், உங்களிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டது வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய அந்த ஒரு வார்த்தையைத்தான். அதை என் மகளுக்கும் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு வழியில் எத்தனை இடத்தில் நெல் காய்ந்தது, எத்தனை ஆடு குறுக்கே வந்தது, திருவாரூர் எப்போது வந்தது, மன்னார்குடி எப்போது போனது, எதுவும் எனக்குத் தெரியாது பாய். நல்லாத் தூங்கிட்டேன்.