அக்காவின் நோய்க்குப் பெயர் உண்டு

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் நினைவாக இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது கரிவலம்வந்தநல்லூரில். எங்களுடையது மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோறு, இல்லையென்றால் கூலி வேலை. பத்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. தையல் கற்றுக்கொண்டு என்னைப் படிக்க வைத்தார். சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அவருடைய தையல் மிஷின் ஓயவில்லை. ஆடித்தபசுத் திருவிழா நெருங்கினால் ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் வாசல் வரை நிற்பார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று சொன்னால் நாளைக்கே தருவார். அப்படியொரு தையல்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பொய் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அப்படிப்பட்டவரைத்தான் கடைசிக் காலத்தில் ஒரு பொய்க்குள் அடைத்து வைத்தோம்.

முதலில் பாவாடை நாடா இறுகியது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். வாயுத் தொல்லை என்று பல மாதம் சோடா குடித்தார். திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது சினைப்பையில் புற்றுநோய், வயிற்றில் நீர். அந்த நேரத்தில்தான் அவருடைய ஒரே மகள் செல்வியைப் புளியங்குடியிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணம் முடியும்வரை அல்சர் என்று சொல்லிவிடுவோம் என்றார் அத்தான். மகளுக்காக அக்காவும் தலையாட்டினார்.

அல்சர் என்றதும் ஊரே மணத்தக்காளிச் சாறோடு வந்தது. கீமோ மருந்து ஏற்றிய குடல் தண்ணீரைக்கூடத் தள்ளிக்கொண்டிருக்க, வந்தவர்கள் எதிரில் அக்கா சிரித்துக்கொண்டே குடிப்பார். அவர்கள் தெரு திரும்பியதும் புழக்கடைக்கு ஓடுவார். முடி கொட்டியதும், கோமதியம்மனுக்கு மொட்டை போடும் நேர்த்திக்கடன் என்று சொன்னோம். அது பொய்யாகிவிடக் கூடாதென்று, அக்கா பிறகு உண்மையாகவே நேர்ந்துகொண்டார்.

மதுரையில் ஆபரேஷன் நடந்த பிறகு அங்கிருந்த டாக்டரம்மா ரத்தத்தையும் கட்டியையும் தனித்தனியே சோதனைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். உடம்பின் செல்களில் வரும் சேதத்தைச் சரிசெய்கிற மரபணு ஒன்று உண்டாம். அக்காவின் கட்டியில் அந்த மரபணு கெடவில்லை, அதன் எழுத்தும் மாறவில்லை. அதன்மேல் ஏதோ ரசாயனம் மூடியைப் போல ஒட்டி, வேலை செய்யவிடாமல் அடைத்துவிட்டது. அது பிறவியில் வந்ததல்ல, பிற்பாடு அந்தக் கட்டிக்குள் நேர்ந்தது. ரத்தத்தில் தேடிய வரையில் பரம்பரைப் பழுது எதுவும் இல்லை. நாளைக்கு யாருக்கும் எதுவும் வராது என்று எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது, ஆனால் இது தாய் கொடுத்து மகள் வாங்குகிற வகையாகத் தெரியவில்லை என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, எம் பிள்ளைக்கு நான் இதைக் கொடுக்கலட்டி.”

தனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கு அவர் அழுததுபோல நிம்மதியாக அழுத ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நல்ல செய்தியை யாரிடம் போய்ச் சொல்வது? பரம்பரையாக வருவதில்லை என்று சொல்ல, முதலில் என்ன நோய் என்று சொல்ல வேண்டுமே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. எப்படியோ விஷயம் கசிந்து, அந்த வீட்டுப் பெண்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறதாம் என்ற பேச்சு புளியங்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து போன் வருவது நின்றது. மறுத்துப் பேச எங்களுக்கு வாயில்லை.

சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டு அக்கா நன்றாகத்தான் இருந்தார். பிறகு நோய் திரும்பியது. இந்த முறை அது மருந்துக்குக் கட்டுப்படவில்லை. முன்பு அந்த மரபணு அடைந்து கிடந்ததால், மருந்து செய்த சேதத்தைக் கட்டியால் சரிசெய்துகொள்ள முடியவில்லை. இப்போது மூடி விலகி, மரபணு மறுபடி வேலை செய்கிறது, கட்டி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது என்றார் டாக்டரம்மா. மூடியிருந்தபோது நோயைக் கொடுத்தது, திறந்தபோது மருந்தைத் தடுத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராகவே இருந்தது. அக்காவோ மகளைப் பற்றி மட்டுமே பேசினார்.

“நான் போனப்புறம் நோய்ப் பேரைச் சொல்லிரு. எம் பிள்ளையால இந்தப் பொய்க்குள்ள கிடக்க முடியாது.”

இதை அச்சில் போட வேண்டாம் என்று அத்தான் கடைசிவரை மன்றாடினார். அவருக்கு மகளைப் பற்றிய பயம், அதை நான் குறை சொல்லவில்லை. செல்விதான் முடிவு சொன்னாள்.

“போடுங்க சித்தி. தெரிஞ்சிக்கிட்டு வாரவுக வரட்டும்.”

ஆகவே சொல்லிவிட்டேன். எங்கள் அக்காவுக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய். இதைப் படிக்கும் பெண்களே, வயிற்று உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தால், சோடா குடித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிய தம்பிமார்களுக்கும், சமைத்துக் கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். அல்சருக்கு எதற்கு இத்தனை ரத்தம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எந்த நோய்க்கு என்று நாங்கள் சொல்லாமலே இவ்வளவும் செய்தீர்கள். சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவை ஒருமுறையாவது அழவிட்டிருப்பீர்கள்.