மீட்டர் மேல் போட்ட பழி

கள்ளக்குறிச்சியில் லாரிப் பட்டறை வைத்திருந்த கொளஞ்சியப்பனுக்கு இன்ஜின் வேலையில் நல்ல பெயர். அவர் கைபட்ட வண்டி என்றால் டிரைவர்கள் யோசிக்காமல் மலை ஏறுவார்கள். லாரி முதலாளி தெய்வசிகாமணியின் வண்டி இன்ஜினையும் அவர்தான் பிரித்து மாட்டிக் கொடுத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கு ஓடுகிற வண்டி அது. டிரைவர் வேடியப்பன் மலைக்காரன். அவன் ஊரில் லாரி ஓட்டக் கற்ற முதல் ஆள்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கப்போகிறது, மரத்தை வெட்டி ரோட்டில் போட்டுவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குள் லோடு இறக்கிவிடும் அவசரத்தில் பட்டறை வாசலில் லாரிகள் நெருக்கியடித்தன. வேடியப்பனும் லோடோடு வந்து நின்றான்.

“அண்ணே, ஆக்சிலேட்டர மிதிச்சா ஆயில் பிரஷர் எறங்குது. ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் வுட்டா திரும்ப ஏறிக்குது. இன்னான்னு பாருங்க.”

கொளஞ்சியப்பன் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் நிறைய இருந்தது.

“ஆயிலு கம்மியில்ல. மீட்டருதான் கோளாறு. நீ ஓட்டு.”

வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மாட்டிப் பார்க்கவில்லை.

சின்னசேலத்தை எட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மறியலில் ரோடும் அடைபட, கிழங்கு வண்டியிலேயே அழுகியது.

ரோடு திறந்த பிறகு லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு தெய்வசிகாமணி பட்டறைக்கு வந்தார். பின்னாலேயே வேடியப்பன்.

“நீ ஓட்டச் சொன்னியாமே, கொளஞ்சி?”

“நா எங்க சொன்னேன்? சந்தேகமா இருந்தா நிறுத்திடுன்னுதான சொன்னேன்.”

பொய் வாயில் வந்துவிட்டது. வேடியப்பன் அவர் முகத்தையே பார்த்தான். முதலாளி அங்கேயே அவனை வேலையை விட்டு அனுப்பினார்.

அவர்கள் போன பிறகு கொளஞ்சியப்பன் இன்ஜினின் அடித்தொட்டியைக் கழற்றினார். ஆயில் உறிஞ்சும் சல்லடையை ஒரு துணி மூடியிருந்தது. பச்சைக் கட்டம் போட்ட துணி. கை துடைக்க அவர் கிழித்து வைத்திருந்த சொந்த லுங்கி. போன முறை இன்ஜினை மூடும்போது உள்ளே விட்டிருக்கிறார். ஆக்சிலேட்டரை மிதித்தால் பம்ப் இழுத்து அடைத்துக்கொள்ளும், நிறுத்தினால் விலகும். வேடியப்பன் சொன்னதும் அதைத்தானே! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் துணியோடு போய், தப்பு தன்னுடையது என்று முதலாளியிடம் சொன்னார்.

“வுடுய்யா, வேற ஆளு வந்துட்டான். நீ இன்ஜினை நல்லா பண்ணிக் குடு, போதும்” என்றார் தெய்வசிகாமணி.

அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கொளஞ்சியப்பன் பஸ் பிடித்து மலைக்குப் போனார். சாமைக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்த வேடியப்பன் எழுந்து வந்தான். எல்லாவற்றையும் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“துணிய வுட்டது பரவால்லண்ணே, வேலன்னா நடக்கறதுதான். நீங்க சொன்னதயே சொல்லலன்னீங்களே, அது ஏண்ணே?”

கொளஞ்சியப்பன் பிடித்த கையை விட்டார். அவன் சொம்பில் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்.

அடுத்த வருஷம் வேடியப்பன் ஆத்தூரில் ஒருவரிடம் லாரி ஓட்டப் போனான். பட்டறை வழியாகத்தான் வண்டி போகும். ஹாரன் அடித்துக் கை காட்டுவான். ஒருநாளும் நிறுத்தியதில்லை.