பிள்ளை தலையில் செய்யாத சத்தியம்

குடிகாரர் வீட்டில் பிறந்தவள் நான். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, சம்பள நாளில் கள்ளுக்கடை வழியாகத்தான் வீடு வந்து சேருவார். அதனால் பெண் பார்க்க வந்தவரிடம் வெட்கத்தை விட்டு, "குடிப்பீங்களா?" என்று நேராகவே கேட்டேன். "தேத்தண்ணி குடிப்பேன், சீனி நெறையப் போட்டு" என்றார். வீடே சிரித்தது.

சொன்னது நிஜம்தான். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த காப்பிக்கடையில், அடியில் கெட்டிப்பால் தடித்து நிற்கும் தேத்தண்ணியை நாளைக்கு ஐந்தாறு கிளாஸ் குடிப்பார். தேக்கா சந்தைப் பக்கம் போனால் ஜிலேபிப் பொட்டலம் இல்லாமல் திரும்பமாட்டார். தொப்பை விழுந்தது. "எத்தனை மாசம்?" என்று கேலி செய்வேன்.

எழுபதுகளின் கடைசியில் அவருக்கு ஓயாத அசதி, விலாவுக்குக் கீழே பாரம். ஈரலில் கொழுப்பு படிந்து கெட்டுப்போயிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில்?" என்றுதான் கேட்டார். "குடிக்கிறதே இல்ல டாக்டர்" என்று இவர் சொன்னதும், அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் அவர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பேன். "ஊதுங்க" என்பேன். ஊதுவார். ஏலக்காய் மணந்தால், சம்சு சாராய வாடையை மறைக்க அதை மென்றிருக்கிறார் என்று நினைப்பேன். காப்பிக்கடைக்காரரிடமே போய் விசாரித்தேன். "உங்க வீட்டுக்காரரா? தேத்தண்ணி மட்டுந்தான் லா" என்றார். கடைக்காரரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், ஐந்து வயது மகளை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க, நம்புறேன்."

கையைத் தூக்கினார். அவள் தலைக்கு மேலே கொண்டுவந்தவர், சட்டென்று எடுத்துவிட்டார்.

"என் தலையில பண்றேன், சாமி படத்து மேல பண்றேன். புள்ள தலையில வேணாம். நெசமா இருந்தாலும் புள்ளைக்கு ஆகாது."

"பொய்யா இருந்தாத்தானே பயம்?" என்றேன்.

அதற்குப் பிறகு ஊதச் சொல்லவில்லை. பேச்சையும் குறைத்துக்கொண்டேன். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, எண்பதுகளின் நடுவில் அவர் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்து என்ன நோய் என்று கேட்டவர்களிடம், "எல்லாம் குடிதான்" என்று என் வாயால் நானே சொன்னேன். பாவி.

அந்த மகளுக்கு இப்போது ஐம்பது வயது. போன மாதம் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கும் ஈரலில் கொழுப்பு. சின்ன வயசு டாக்டர், "குடிப்பீங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். "சரி" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஒரே சொல்லில் நம்பிவிட்டார்!

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றனவாம். அவை தாறுமாறாகிவிட்டால் அவற்றின் நஞ்சு ரத்தத்தோடு நேராக ஈரலுக்குப் போய்விடுமாம். சிலருக்கு, தின்ற சீனியை அவை புளிக்கவைத்து, வயிற்றுக்குள்ளேயே சாராயம்கூட உண்டாக்குமாம். ஒரு சொட்டுத் தொடாதவருக்கும் ஈரல் கெடலாமாம். என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். "அப்படியும் இருந்திருக்கலாம். இப்ப எப்படிம்மா சொல்ல முடியும்?" என்றார்.

டாக்சியில் வீடு திரும்பினோம். வழியில் மகள் சொன்னாள்:

"அப்பா என் தலை வரைக்கும் கையக் கொண்டுவந்துட்டு எடுத்துட்டாரு. அது மட்டுந்தாம்மா ஞாபகம் இருக்கு. அதனாலதான் அவர் குடிகாரர்னு நானும் நம்பினேன். கடைசியில ஆஸ்பத்திரியில கெடந்து அவர் கூப்பிட்டப்பகூட கிட்டப் போகல."

"உனக்கு ஆகாதுன்னுதாண்டி எடுத்தாரு" என்றேன்.

இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை.