திமிங்கிலம் சுமந்த குட்டி

கண்ணுகளா, உங்கள் இருவருக்கும் முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அன்றைக்கே இறந்துவிட்டது. தாய் பார்த்தால் மனசு ஒடிந்துபோகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் வழக்கம். நானும் உங்கள் அம்மாவின் கையில் கொடுக்காமலேயே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன். குழந்தைக்கு வாங்கியிருந்த சட்டையைக்கூட அவள் கண்ணில் படாமல் லேத் பட்டறையில் என் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுவைத்தேன்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புதிதாக இழுத்த கேபிள் டிவியில் திமிங்கிலத்தைக் காட்டினார்கள். அது குட்டிக்குப் பால் கொடுக்கும் என்றேன்.

"மீனுக்கு ஏதுங்க பாலு? ஆருகிட்ட கதை உடறீங்க?" என்று அம்மா சிரித்தாள்.

"மீனில்ல அம்மணி. நம்மளாட்டவே மூச்சு உடற சீவன்."

பிறந்த குட்டி முதல் மூச்சு விடுவதற்குத் தாய் அதை நீருக்கு மேலே தூக்கிவிடுமாம். அடுத்துக் காட்டிய தாயின் குட்டி செத்திருந்தது. அப்போதும் தாய் அதைத் தலையால் தூக்கித் தூக்கி, நாள்கணக்கில் சுமந்தே நீந்தியது.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏனுங்க, அதுகிட்ட இருந்து ஆரும் புடுங்கல பாருங்க" என்றாள்.



மறுநாள் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போனபின் அந்தச் சட்டையை எடுத்தேன். ஆயில் வாசம் ஏறியிருந்தது. சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய சேலைகளின் மேல் மடித்துவைத்தேன்.