இரண்டு வாசகர்களுக்காக ஒரு வருடம்

எங்கள் பீங்கான் யூனிட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் எல்லோரும் படுத்துவிடுவார்கள். பெயிண்டிங் ஷெட்டில் பெண்கள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வரிசையாகத் தூங்குவார்கள். பலகைகளில், முதல் முறை வெந்து வந்த பொம்மைகள் வெள்ளை வெளேரென்று நிற்கும். கண் இன்னும் வரைந்திருக்க மாட்டார்கள். ஜங்ஷனில் ஏதோ ரயில் வருவதாகச் சொல்லும் குரல் காற்று இருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. நான் அங்கே பில் போடுகிறவள். தூக்கம் வராது. அந்த அரைமணி நேரங்களில்தான் என் நாவலைப் போனில் தட்டித் தட்டி எழுதி முடித்தேன்.

ஒரு ஊரில் எல்லோருக்கும் தினமும் ஒரே கனவு வருகிறது. ஒருத்திக்கு மட்டும் வருவதில்லை. அவள் காலையில் வீடு வீடாகப் போய், நேற்று என்ன கண்டீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். இவ்வளவுதான் கதை. பதிப்பகம் எதற்கும் அனுப்பவில்லை. யாரும் தாங்களே புத்தகம் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்த ஒரு தளத்தில் ஏற்றினேன். ஏற்றுவதற்குக் காசு கிடையாது. கதை நடுவில், எனக்கு மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம், கண் வரையாத பொம்மை முகம் ஒன்றைப் போட்டோ எடுத்து வைத்தேன். அந்த முகங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன், அதனால் இருக்கலாம்.

முதல் விற்பனைக் கணக்கு வந்தபோது எனக்குப் புரியவில்லை. விற்றிருக்கிறது, ஆனால் என் பங்கு என்று ஒன்றும் தேறவில்லை. தளத்தில் எழுதுகிற எங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் கேட்டேன். புத்தகம் வாங்குகிறவர் போனில் இறங்கும்போதெல்லாம் அதன் அளவுக்கேற்ற ஒரு கட்டணத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும், படங்கள் இருந்தால் அளவு கூடும் என்றார்கள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் பீங்கான் எஸ்டேட்டின் சரக்கை வைக்கோல் சுற்றி லாரி ஆபீசுக்கு ஏற்றிப் போகிறவர். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"வெயிட்டுக்குத் தக்கபடி வாடகை. சரிதானே? பொம்மையை இறக்கிடு, லோடு கொறஞ்சிடும்."

இறக்கிவிட்டேன். படங்கள் இல்லாத பிரதியை ஏற்றினேன். ஏற்கெனவே வாங்கியவர்களின் போனிலும் புத்தகம் தானாக மாறிவிடும் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. புத்தகத்தின் முடிவில் என் வாட்ஸப் எண்ணைப் போட்டிருந்தேன். அதுவரை யாரும் அதில் எழுதியதில்லை.

"அக்கா, மங்கலம்பேட்டையிலேர்ந்து எழுதுறேன். உங்க புக்குல மொகமெல்லாம் காணும். எங்க போச்சி?"

நான் கூப்பிட்டேன். சின்ன வயதுக் குரல். கணவர் வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, ரூமில் கட்டிலில் படுத்துக்கொள்வாராம். இவள் இங்கிருந்து என் நாவலை வாய்விட்டுப் படிப்பாளாம். தளத்தின் ஒரே கணக்கை இரண்டு போனிலும் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஒரு மொகம் வந்தா நிறுத்திடுவோம் அக்கா. ரெண்டு பேரும் பார்ப்போம். கண்ணு இல்லியா, யாரு கண்ணு வேணா வைக்கலாம். இது எங்க மாமி, இது என் ரூம்ல இருக்குற நேபாளிப் பையன்னு மச்சான் சொல்லுவாங்க. போன வாரம் ஒண்ணைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. யாருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

நான் எழுதிய எதையும் விட அந்தப் படங்களை அவள் அதிகம் சொன்னாள். எனக்கு வருத்தமில்லை. வெளியே மத்தியான வெயிலில் பீங்கான் தூசி மெல்லப் பறந்துகொண்டிருந்தது. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டிலில் ஒரு மனிதர், எங்கள் ஷெட்டுப் பொம்மைக்கு யாருடைய கண்ணையோ வைத்துப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே படங்களைத் திரும்ப ஏற்றினேன்.

கொஞ்ச மாதங்களில் தளத்திலிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது. குறைவாக விற்கிற புத்தகங்களுக்கு இனிமேல் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம். கட்டாவிட்டால் புத்தகம் எடுக்கப்படும். வாங்கியவர்களின் போனிலும் திறக்காது.

குழுவில் அன்று முழுக்கச் சத்தம். கவிதை எழுதுகிற ஒருவர் தன் ஆறேழு சின்னப் புத்தகங்களையும் ஒன்றாக ஒட்டி ஒரே தொகுப்பாக்கினார், கட்டணம் ஒன்றோடு போகும் என்று. ஒருவர் விலையைக் கூட்டினார், இருந்த வாசகர்களும் போனார்கள். சமையல் குறிப்பு எழுதுகிற அம்மா யாரிடமும் சொல்லாமல் குழுவை விட்டே போய்விட்டார். நல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மானாவாரிக் காட்டைப் பற்றி அழகாக எழுதுவார், "வெளையாத நெலத்துக்கும் குத்தகை கேக்குறாங்க" என்று மட்டும் போட்டார்.

என் வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"புக்கு வித்தா காசு வரும்னு சொன்ன. இப்ப புக்கு சும்மா இருக்குறதுக்கே நாம குடுக்கணுமா?"

"ஆமாம்."

"எடுத்துடேன்."

எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எதற்கும் மங்கலம்பேட்டைக்குச் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன்.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்குது அக்கா. கடைசிப் பகுதிய நேர்ல படிக்கலாம்னு வச்சிருக்கோம். பெருநாள் முடிஞ்சதும் மச்சான் வராங்க. அதுவரைக்கும் இருக்குமா?"

"நான் பைலா அனுப்பிடுறேம்மா" என்றேன்.

"அனுப்புங்க. ஆனா அதுல நாங்க கோடு போட்டு வச்சதெல்லாம் இருக்காதில்ல? ஒவ்வொரு மொகத்துக்குக் கீழயும் பேரு எழுதி வச்சிருக்கோம்."

இருக்காதுதான். அந்தப் பெயர்கள் தளத்தில் இருந்தன, என்னிடம் இல்லை.

ஒரு வருடத்துக்குக் கட்டினேன். தீபாவளிக்கு எடுக்க நினைத்த புடவையை விட்டேன். வீட்டுக்காரர் என் போனை வாங்கித் தொகையைப் பார்த்தார். மறுநாள், "ரெண்டு பேருக்காகவா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். "சரி, ரெண்டு பேரும் ஆளுதானே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பெருநாள் கழிந்து ஒரு மத்தியானம் அவர்கள் பைக்கில் எஸ்டேட்டுக்கு வந்தார்கள். அவர் நெடுநெடுவென்று இருந்தார். வெளிநாட்டு சென்ட் வாசனை ஷெட்டுக்குள் அவருக்கு முன்னால் வந்தது. தூங்குகிற பெண்களை எழுப்பாமல் மூலையில் பாயை விரித்தேன். அவர் பலகைக்குப் போய் ஒரு பொம்மையைக் கையில் எடுத்தார். கட்டை விரலால் கண் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார்.

"இவ்ளோ லேசா இருக்குது" என்றார். "போன்ல பார்த்தப்ப கனமா இருக்கும்னு நெனச்சேன்."

பிறகு அவள் கடைசிப் பகுதியைப் படிக்க ஆரம்பித்தாள். என் வரிகளை இன்னொரு குரலில் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். மங்கலம்பேட்டைப் பேச்சின் நீட்டலில் அவை வேறு யாரோ எழுதியவை போல இருந்தன. மின்விசிறி சுற்றியது. கனவு வராத பெண் ஒரு விடியலில், வெயிலில் காயும் ஆற்றுமணலுக்கு நடுவே, முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பதாகக் கனவு காண்கிறாள். அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறாள். படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, எனக்குக் கண் காட்டினாள். அவர் தூங்கியிருந்தார். பொம்மை நெஞ்சின் மேல், கை அதைப் பிடித்தபடி.

"எப்பவும் இப்படித்தான் அக்கா" என்று கிசுகிசுத்தாள். "அங்கயும் கேட்டுக்கிட்டே தூங்கிடுவாங்க. அடுத்த வாரம் விட்ட எடத்துலேர்ந்து மறுபடி படிப்பேன். அதான் ஒரு புக்கு இவ்ளோ நாளு ஓடிச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். நான் கட்டிய வருடத்தில் பாதி அவருடைய தூக்கத்துக்குப் போயிருந்தது. அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர் எழும் வரைக்கும், அந்த முகங்களுக்குக் கீழே அவர்கள் எழுதி வைத்த பெயர்களைப் பார்த்தோம். ஒரு முகத்துக்கு மட்டும் பெயரில்லை, அவர் யாரென்று சொல்ல மறுத்த முகம். அவர் எழுந்த பிறகும் அது யாரென்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் நெஞ்சில் பிடித்திருந்த பொம்மையை அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

பெயர் எழுதிய பக்கங்களையெல்லாம் அவள் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். வருடம் முடிந்ததும் நான் கட்டவில்லை. புத்தகத்தின் பக்கத்தைத் தேடினால் இப்போது வெறுமையாக ஒரு கட்டம் வருகிறது. கேட்கிறவர்களுக்கு நானே அனுப்புகிறேன், வேப்பூரிலிருந்து ஒருவர் போன மாதம் கேட்டார். மங்கலம்பேட்டையில், நான் அனுப்பிய பைலை வைத்து, முதல் பக்கத்திலிருந்து திரும்ப ஆரம்பித்திருக்கிறார்களாம். நான் மத்தியானங்களில் இரண்டாவது நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை எங்கே போடுவது என்று இன்னும் யோசிக்கவில்லை.