அண்ணன் போட்ட இருபது கட்டம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய பொறுமையைப் பற்றி அவசியம் எழுத வேண்டும் என்று தங்கை சொன்னாள். எழுதுகிறேன். அந்தப் பொறுமையோடு மல்லுக்கட்டித் தலையில் அடித்துக்கொண்டவன் நான் என்பதையும் சேர்த்தே எழுதுவேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒற்றைத் தறி வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். அப்பா காலமானபோது பத்தாம் வகுப்பில் இருந்தார். பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்தார். பிறகு சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் கட்டத்தாளில் டிசைன் போடக் கற்றுக்கொண்டார். என்னைப் பாலிடெக்னிக்கில் படிக்கவைத்தார், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் வாங்கிய அந்தப் பழைய ஸ்டேஷன் வேகன் காரையும் தெரியும். அதைத் தெருவில் தள்ளாதவர்கள் நம் சொந்தத்தில் யாரும் இல்லை.

அண்ணிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அந்த வண்டியோ தரையோடு தரையாகக் கிடக்கும். உட்கார்ந்தால் எழ முடியாது. பஸ் படி அதைவிட மோசம். செய்யாற்றுப் பக்கம் உள்ள தாய்வீட்டுக்குப் போவதையே அண்ணி நிறுத்திவிட்டார். வேறு யாராக இருந்தாலும் வாடகைக் கார் பிடித்திருப்பார்கள். "வண்டியத் தூக்கிட்டா ஆச்சு" என்றார் அண்ணன்.

அந்த 'ஆச்சு'க்கு நான்கு வருடம்! சீட் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று பார்க்க, ஸ்டூலுக்கு அடியில் பலகையை வைப்பார், எடுப்பார். அண்ணியை உட்காரச் சொல்வார், எழச் சொல்வார், சுவரில் கோடு போடுவார்.

"இன்னாங்க இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி எழுந்துரு, உக்காருன்னுக்கினு? அடுப்புல கொழம்பு இருக்குது" என்று அண்ணி கத்துவார்.

"இன்னும் ஒரே வாட்டிமா. அரை அங்குலம் ஏறிட்டா உன்னால கால வெக்க முடியாது."

உயரம் முடிவானது என்று நான் மூச்சு விட்டபோது பெட்ரோல் இன்ஜின் உயிரை விட்டது. டீசல் இன்ஜின் போடலாம் என்றார். அது கனம். கனம் ஏறினால் வண்டியின் முன்பக்கம் அமுங்கும், அமுங்கினால் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்துத் தூக்கியதெல்லாம் வீண். ஆகவே மறுபடியும் முதலிலிருந்து கணக்கு, மறுபடியும் ஸ்டூல். இன்ஜின் மாற்றும் அனுமதிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்தார். நான் குடியிருக்கும் செவிலிமேட்டிலிருந்து ஞாயிறுதோறும் போவேன். போய்ப் போய்ச் சண்டை போடுவேன்.

"ஊர்ல அவனவன் ஒரே வாரத்துல இன்ஜின மாத்தி ஓட்டிக்கினு போறான். நீ இன்னும் பேப்பர்லயே ஓட்டிக்கினு இருக்கறண்ணா!"

"அறுத்துட்டா ஒட்ட முடியாதுபா" என்பார். அப்பப்பா, அந்த நிதானம்! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருக்கும்.

கடைசியில் இன்ஜினைத் தாங்கும் இரும்புத் தாங்கியின் படத்தைப் பாதி அளவில் வரைந்து முடித்தார். எதில்? சேலை டிசைன் போடும் கட்டத்தாளில். அதன்படி இரும்பை அறுக்கக் கொடுக்கவேண்டிய அன்று அவருக்குக் காய்ச்சல். தாளை எடுத்துக்கொண்டு பாயின் பட்டறைக்கு நான் போனேன். படித்தவன் ஆயிற்றே! ஒரு கட்டத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்து, இரட்டித்து, உயரத்துக்கு இருபது கட்டம் எண்ணி, "அஞ்சு அங்குலம் பாய், அறுங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கினார்கள். உட்காரவில்லை. அடியில் உள்ள ஆயில் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டி நின்றது. தாங்கி ஓர் அங்குலம் குட்டை.

காய்ச்சல் முகத்தோடு வந்து நின்ற அண்ணனிடம், பட்டறையில் நாலு பேர் எதிரில் கத்தினேன். "நாலு வருசம் கணக்குப் போட்டு, இருபது கட்டம் ஒழுங்கா போடத் தெரியலியா உனக்கு? முந்தானைக்கு டிசைன் போட்டுக்கினு இருக்கறவனுக்கு இன்ஜின் எதுக்கு?"

அவர் தாளைப் பார்த்தார். தாங்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தப்பாயிடுச்சிபா. வேற அறுத்துக்கலாம்" என்றார்.

நான் அதோடு விட்டேனா? இன்ஜினுக்கு முந்தானை டிசைன் போட்ட அண்ணன் கதையை அடுத்த சில மாதங்களில் வந்த எல்லா விசேஷங்களிலும், சாப்பாட்டுப் பந்தியில்கூடச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். வேறு தாங்கி அறுப்பதற்குள் நெஞ்சுவலி வந்தது. மூன்றே நாள், போய்விட்டார்.

சென்ற மாதம் அண்ணி கேட்டுக்கொண்டதால் அதே தாளோடு பட்டறைக்குப் போனேன். இந்த முறை பாய் தானே ஸ்கேலை வாங்கி நெட்டுக்குத்தாக வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கட்டம் சதுரம் இல்லபா. அகலத்தவிட ஒசரம் ஜாஸ்தியா இருக்குது."

நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒரே நெருக்கத்தில் ஓடுவதில்லை. அதனால் சேலைத் தாளில் கட்டம் ஒரு பக்கம் நீண்டுதான் இருக்கும். தறி வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியவில்லை. உயரம் ஆறு அங்குலம். அண்ணன் சரியாகத்தான் போட்டிருந்தார். அறுத்தோம், இன்ஜின் உட்கார்ந்தது. அண்ணி யார் கையையும் பிடிக்காமல் வண்டியில் ஏறினார், இறங்கினார்.

"அண்ணனுக்கு இது தெரியுமா அண்ணி?"

"தெரியாம இன்னா? அன்னிக்கே சொன்னாரு, தம்பி கட்டத்தத் தப்பா அளந்துட்டான்னு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல? ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சனே!"

"நானும் கேட்டன். 'சொன்னா அவன் வெக்கப்பட்டுக்கினு இந்தப் பக்கமே வரமாட்டான். வண்டிக்காவத்தான் ஞாயித்துக்கெழம வரான், வந்துட்டுப் போவட்டும்'னாரு."

எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் எங்களோடு இருந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியவர்களுக்கும், தறியை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்ட உறவினர்களுக்கும், பட்டறை பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சொந்தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்த விசேஷத்திலாவது அந்தக் கதையை யாராவது எடுத்தால், தப்பாக அளந்தவன் தம்பி என்று திருத்திச் சொல்லுங்கள். நான் பந்தியில் உட்கார்ந்திருந்தால் என் எதிரிலேயே சொல்லுங்கள். நான் எழுந்து போகமாட்டேன்.